அறுபத்து மூன்றாவது நோட்டு

இழுப்பறையில் ஆதார் அட்டை இல்லை. பழைய ரேஷன் கார்டு, காலாவதியான பாஸ்போர்ட், மூக்குக் கண்ணாடியின் ஒற்றைக் காது எல்லாம் இருந்தன. ரஞ்சனா தரையில் உட்கார்ந்து புத்தக அலமாரியின் கீழ்க் கதவைத் திறந்தாள். கூடத்தில் ஐஸ் பெட்டியின் மோட்டார் விட்டுவிட்டு உறுமியது. பெட்டிக்குள் அப்பா நேற்று மாலையிலிருந்து படுத்திருந்தார்.

"கிடைச்சுதா? அது இல்லாம மயானத்துல பதிவு பண்ண மாட்டானாம்" என்று வாசலிலிருந்து அவள் கணவன் வெங்கடேஸ்வரன் கேட்டான். காலையிலிருந்து வண்டி, சாஸ்திரிகள், மாலை என்று போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தான்.

"தேடிண்டிருக்கேன்."

கீழ்த் தட்டில் அப்பாவின் நோட்டுகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு அட்டை. முதுகில் வெள்ளைக் காகிதம் ஒட்டி எண் போட்டிருந்தார். ஐம்பது வருஷத்தில் அவர் போட்ட கணக்குகள் மொத்தமும் அங்கேதான். ஒன்றில் தொடங்கிய வரிசை அறுபத்திரண்டில் நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு நோட்டு அகலத்துக்குத் தூசி படியாத இடம் இருந்தது.

அறுபத்திரண்டை உருவி, கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். மார்ச் எட்டு என்று தேதி போட்டிருந்தது. இது ஜூன். தினம் காலை பல் தேய்த்த கையோடு மேஜைக்குப் போகிறவர் மூன்று மாதம் எழுதாமல் இருந்திருப்பாரா?

மேஜை மேல் தேடினாள், தலையணைக்கு அடியில் தேடினாள். அறுபத்து மூன்று எங்கும் இல்லை. ஆதார் அட்டை அறுபத்தொன்றுக்குள் பக்க அடையாளமாக இருந்தது.

அப்போதுதான் எதிர் ஃப்ளாட் சுஷ்மா காப்பித் தம்ளரோடு உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ரஞ்சனா, இப்போ சொல்லலாமா தெரியலை. நேத்து மத்தியானம் இங்கே சண்டை. உங்கம்மா கோவிலுக்குப் போயிருந்தா. உங்கப்பா சத்தம் போட்டு நான் இத்தனை வருஷத்துல கேட்டதே இல்லை. நேத்து கேட்டேன்."

"யாரோட?"

"அந்தத் தாடிக்காரரோட. நீ வந்தப்போ நின்னுண்டிருந்தாரே, அவர்தான். டாக்டர் வந்து பார்த்துட்டுப் போனதும் கிளம்பினார். சிவப்பா ஒண்ணைப் பைக்குள்ளே வெச்சுண்டு போனார். நான் டோர்ல நின்னு பார்த்தேன், பக்கா."

ரஞ்சனாவுக்கு நினைவிருந்தது. போன் வந்து, விக்ரோலியில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ஓடிவந்தபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பாவின் தலைமாட்டில் கட்டம் போட்ட சட்டையில் ஒரு கிழவர் நின்றிருந்தார். "ஒங்க அப்பாவோட சிநேகிதன்மா" என்றார். இருந்த பதற்றத்தில் பேரைக்கூட அவள் கேட்கவில்லை.

காப்பியைக் கீழே வைத்துவிட்டு அறுபத்திரண்டை மறுபடி பிரித்தாள். அவளுக்கு இயற்பியல் தெரியாது. பி.காம். படித்தவள். ஆனால் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பத்தொன்பது வருஷமாகக் காப்பியடித்தவர்களைக் கண்டுபிடிக்கிற வேலை. இரண்டு விடைத்தாளில் ஒரே தப்பு இருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று சொல்ல வேண்டும். பதில் புரியாவிட்டாலும் எழுதிய கை புரியும்.

இந்த நோட்டில் இரண்டு கைகள் இருந்தன.

ஒன்று அப்பாவுடையது. எறும்பு ஊர்கிற மாதிரி, வலப்பக்கம் சாய்ந்து. இன்னொன்று பெரிது, நிமிர்ந்தது. எக்ஸ் எழுத்தை இரண்டு வளைவாக, முதுகோடு முதுகு ஒட்டிப் போடுகிற கை. முன்னால் இருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பின்னோக்கிப் போனதில் முப்பத்தொன்று வரைக்கும் அந்தக் கை இருந்தது. அதன் முதல் தேதி பதினொரு வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்றால் அப்பாவுக்கு செமினார். ஓய்வுபெற்ற பின்னும் வெயில், மழை பாராமல் வாரம் தவறாமல் போய்வந்த செமினார்.

பல பக்கங்களில் அந்தப் பெரிய கைதான் முதலில் வந்தது. அப்பா அதற்குக் கீழே தொடர்ந்திருந்தார். விடைத்தாளாக இருந்தால் அவள் குறிப்பு எழுதியிருப்பாள். இது அப்பாவின் நோட்டு. மூடி வைத்தாள்.

ஒன்பது மணிக்கு கௌசிக் வந்தான். அப்பாவின் மாணவன். இப்போது அதே ஆராய்ச்சி நிலையத்தில் துறைத் தலைவர். பெரிய மலர் வளையத்தைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து குலுங்கி அழுதான். அம்மா அபயாம்பாள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவள் கண்ணில் நீர் இல்லை. காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: வேங்கடசுப்ரமணியன் பெரிய மனுஷர், அடக்கமானவர். மாட்டுங்காவில் ஒற்றை அறையில் பிறந்து, தெருவிளக்குக்கூடத் தேவைப்படாமல் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுப் படித்தவர். எழுபத்தொன்பதாம் வருஷம், இருபத்தொன்பது வயதில் எழுதிய ஒரே கட்டுரையில் உலகம் அவரைத் தெரிந்துகொண்டது. கலைந்து கிடக்கிற எந்தப் பொருளும் ஒரு வேகத்துக்கு மேல் ஒழுங்குக்குத் திரும்ப முடியாது என்று அதில் நிறுவியிருந்தார். அந்த வேகத்துக்கு 'வேங்கட் எல்லை' என்று வெள்ளைக்காரர்களே பெயர் வைத்தார்கள். ரஞ்சனா பள்ளிக்கூடம் போன காலத்தில் அது தன் வீட்டுக் காம்பவுண்டு சுவரின் பெயர் என்று நினைத்திருந்தாள்.

கௌசிக் அவளைப் பால்கனிக்குக் கூப்பிட்டான்.

"சாரோட நோட்டெல்லாம் பத்திரமா இருக்கணும் ரஞ்சனா. ஆர்க்கைவ்ல வெச்சுடலாம். நான் இன்னிக்கே கார்ல ஏத்திண்டு போயிடறேனே?"

"இன்னிக்கேவா? அப்பா இன்னும் கூடத்துல இருக்கார்."

"இல்லை, நாலு பேர் வந்து போற இடம்..." குரலைத் தாழ்த்தினான். "கடைசி நோட்டு எங்கே இருக்கு? அறுபத்து மூணு?"

அவள் அந்த எண்ணை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அறுபத்து மூணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கௌசிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "சார் மெயில்ல சொல்லியிருந்தார். மார்ச்ல. எல்லையோட நிரூபணத்துல ஒரு இடம் உறுத்தறதுன்னு, பார்க்கச் சொல்லி. டிசம்பர்ல அந்த எல்லைக்காகவே மாநாடு வெச்சிருக்கோம், நான் அந்த பிஸில... பதில் போடலை." கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "வயசாச்சு இல்லையா, ஏதாவது குழப்பமா எழுதியிருப்பார். வேற யார் கையிலயாவது கிடைச்சா சார் பேருக்குத்தான் கெடுதல். கிடைச்சா முதல்ல எனக்குக் குடு. ஓகே?"

அவன் எழுதிய கட்டுரைகளில் பாதி அந்த எல்லையின் மேல் கட்டியவை என்று அப்பா ஒருமுறை பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அழுத கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. அந்த அழுகை பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. முழுக்க நிஜம் என்றும் தோன்றவில்லை.

"பார்க்கறேன்" என்றாள்.

பெண் காரியம் செய்வதா என்று சாஸ்திரிகள் இழுத்தபோது, "அவதான் பண்ணுவா" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். மயானத்தில் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. தட்டு உள்ளே போனது, இரும்புக் கதவு இறங்கியது. ரஞ்சனா ஈரப் புடவையோடு வெளியே வந்தபோது, குழாயடியில் அந்தக் கிழவர் நின்றுகொண்டிருந்தார். இன்று வெள்ளைச் சட்டை, தலையில் குல்லா. கூட்டத்தோடு சேராமல், போகவும் மனசில்லாமல் நின்ற மாதிரி இருந்தது.

அவள் நேரே போனாள்.

"அப்பாவோட நோட்டு உங்ககிட்டே இருக்கா?"

"இருக்கும்மா."

இல்லை என்பார், அடுத்து என்ன கேட்பது என்று யோசித்து வைத்திருந்தாள். அவர் ஒப்புக்கொண்டது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

"எடுத்துண்டு போகச் சொல்லி யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் எடுத்தேன்."

"நேத்து அப்பாவோட சண்டை போட்டேளாமே?"

"ஆமா." குழாயின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் தண்ணி கேட்டான். நான் உள்ள போயி எடுத்துட்டு வாரதுக்குள்ள..."

அவன். ரஞ்சனா சற்றுப் பின்வாங்கினாள். அப்பாவை அவன் என்று சொல்கிற ஒருவரை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. தாத்தா, பாட்டி இருவரும் அவள் பிறக்குமுன்பே போய்விட்டார்கள்.

"நீங்க யாரு?"

"இங்க வேண்டாம்மா." அவர் பார்வை அவளைத் தாண்டிப் போனது. கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கௌசிக் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒங்க அம்மா முன்னாடி சொல்லுதேன். மூணு மணிக்கு நோட்டோட வாரேன்."

வரமாட்டார் என்று அவள் நினைத்தாள். வீட்டுக்கு வந்து குளித்து, சுஷ்மா அனுப்பிய ரசம் சாதத்தை இரண்டு வாய் தின்றுவிட்டு, போலீசில் சொல்லலாமா என்றுகூட வெங்கடேஸ்வரனிடம் கேட்டாள். "என்னன்னு சொல்லுவே, கணக்கு நோட்டு காணோம்னா?" என்று சொல்லிவிட்டு அவன் அசதியில் படுத்துவிட்டான்.

மூன்று அடிக்கும்போது வாசல் மணி ஒலித்தது. ரஞ்சனா கதவைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

"வாங்கோ சலாவுதீன். கார்த்தாலேர்ந்து பார்த்துண்டிருக்கேன். சாப்ட்டேளா?"

ரஞ்சனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு இவரைத் தெரியுமா?"

"உன் அப்பாவைத் தெரிஞ்ச நாள்லேர்ந்தே தெரியும்" என்றாள் அம்மா. "என்னைப் பெண் பார்க்க வந்தப்போ அவரோட கூட வந்தது இவர்தான்."

அவர் கூடத்தில் ஐஸ் பெட்டி இருந்து காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார மறுத்தார். அம்மா வற்புறுத்திய பிறகு நுனியில் உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து சிவப்பு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் அவனும் அந்த ஆராய்ச்சி நிலையத்துல ஒரே வருசம் சேந்தோம்மா. ஒரே ரூம்பு. அந்தக் கட்டுரைய ரெண்டு பேருந்தான் எழுதினோம். மொதப் பாதி நானு, பின் பாதி அவன். முடியப் போற நேரம் எங்க வாப்பா மவுத்தாயிட்டாங்க. தாராவில தோல் பட்டறை, பாத்துக்க வேற ஆளில்ல, கீழ நாலு தங்கச்சி. ஆறு மாசத்துல திரும்பிருவேன்னு சொல்லிட்டுப் போனேன். திரும்பல."

"அப்பா?"

"அவன் பேர மட்டும் போட்டு அனுப்பிட்டான். அடியில சின்ன எழுத்துல எனக்கு நன்றி போட்டிருந்துச்சு." சிரிக்க முயன்றார். "பட்டறையில ஒக்காந்து அதப் படிச்சேன்."

காலையில் நோட்டைப் பார்த்தபோது ரஞ்சனாவின் மனசின் மூலையில் எழுந்ததை இப்போது வெளியே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. காப்பி. அவள் தினமும் சிவப்பு மையில் எழுதுகிற வார்த்தை.

"முப்பத்து மூணு வருசம் பேச்சில்ல. பொறவு ஒரு நா பட்டறை வாசல்ல வந்து நின்னான், கையில நோட்டோட. மன்னிப்புக் கேக்கலம்மா. 'இந்த எடம் எனக்கு வரலை, பாரு'ன்னான். எனக்கும் அது போதும்னு இருந்துச்சு. அதுலேருந்து வியாழக்கெழமையானா சீத்தா கேம்ப்ல எங்க வீட்டுக்கு வந்துருவான். ரெண்டு மாசமா நெஞ்சுவலின்னு ஆனதும் நான் இங்க வந்தேன்."

"எனக்கு ஏம்மா சொல்லலை?" அவள் அம்மாவைக் கேட்டாள்.

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "யார்கிட்டே வேணா சொல்லுவார்டி. உன்கிட்டே சொல்லத்தான் பயம். நீ ஆபீஸ்ல பிடிச்ச பசங்களைப் பத்திச் சொல்றச்செல்லாம் அவர் எழுந்து உள்ளே போயிடுவாரே, கவனிச்சதில்லையா?"

கவனித்திருக்கிறாள். அவருக்கு அலுப்பு என்று நினைத்திருந்தாள்.

"நேத்து எதுக்குச் சண்டை?" என்று கேட்டபோது அவள் குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது.

சலாவுதீன் நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பிரித்து அவளிடம் நீட்டினார். கட்டுரை வெளியிட்ட பத்திரிகைக்கு அப்பா ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். அடித்தல் திருத்தல் இல்லாமல், கையெழுத்தோடு இருந்தது. 'நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் வெளியிட்ட நிரூபணம் தவறு. அதன் முதல் பாதி முழுவதும் என் நண்பர் சலாவுதீனுடையது. அவர் பெயரை விட்டது என் குற்றம். அந்தப் பாதியில் பிழை எதுவும் இல்லை. பிழை, நான் எழுதிய இரண்டாம் பாதியில் இருக்கிறது.'

இரண்டு முறை படித்தாள். பழகிய புத்தி வேலை செய்தது. நாற்பத்தைந்து வருஷம் சும்மா இருந்துவிட்டு, எல்லாம் தப்பு என்று ஆனபிறகு பேரைக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்? இந்தக் கடிதம் வெளியே போகக் கூடாதென்று இவர் ஏன் நினைக்க வேண்டும்?

"உங்களுக்கு நல்லதுதானே எழுதியிருக்கார்? எதுக்கு எடுத்துண்டு போனேள்?"

"அது பொய்ம்மா" என்றார் அவர்.

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மடிப்புகளில் டேப் ஒட்டியிருந்தது. பழுப்பேறிய தாளில் அந்தப் பெரிய, நிமிர்ந்த கை.

"இது எழுபத்தொம்பதுல நான் எழுதின தாளு. பதினேழாவது வரியப் பாரு. இப்ப நோட்டப் பாரு."

அவள் எண்ணினாள். பதினேழாவது வரியில், முதுகோடு முதுகு ஒட்டிய எக்ஸுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி. அறுபத்து மூன்றாவது நோட்டில் அப்பா அதே வரியை அப்படியே எடுத்து எழுதி, அந்தக் கூட்டல் குறியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் சின்னதாக ஒரு கழித்தல் குறி. அதன் கீழ் ஒரு எழுத்தும் இல்லை, பக்கம் முழுக்க வெறுமையாக விட்டிருந்தார்.

"தப்பு என் பாதியிலம்மா. வயசுல பண்ணின ஒரு குறித் தப்பு. அவன் பாதி சுத்தம். மார்ச்சுல கண்டுபிடிச்சான். கண்டுபிடிச்சதும் என்ன செஞ்சான் தெரியுமா? தப்பு தன் பாதியிலன்னு மாத்தி எழுதிட்டான். நாளக்கி அனுப்பப் போறேன்னு நேத்து காட்டுதான். நான் விடமாட்டேன்னேன். சரியா இருந்த காலம் பூரா அவன் பேரு, தப்புன்னு ஆனதும் அதையும் அவனே எடுத்துக்கிடுவான்னா நான் யாருடான்னு கேட்டேன். சத்தம் போட்டேன். அவனும் போட்டான்." கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நோட்டைக் காட்டி, "கிழிச்சுப் போட்டிரும்மா. அவன் பேரு இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

போன் அடித்தது. கௌசிக். ரஞ்சனா எடுத்தாள்.

"மயானத்துல உன்கூடப் பேசினாரே, அந்த ஆள் யாரு? நோட்டு..."

"கிடைச்சுடுத்து."

"தேங்க் காட். நான் இப்பவே கிளம்பி வரேன்."

"வேண்டாம். தப்பு தப்புதானாம். எழுதி வெச்சிருக்கார். பத்திரிகைக்கு அனுப்பறச்சே உனக்கும் ஒரு காப்பி வரும்."

"யோசிச்சுப் பண்ணு ரஞ்சனா. சார் பேர் போயிடும். டிசம்பர்ல நான் என்ன சொல்லுவேன் எல்லார்கிட்டேயும்?"

"இதையே சொல்லேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சலாவுதீன் எழுந்துவிட்டார். "அனுப்பப் போறியாம்மா? அந்தப் பொய்யோடயா?"

பிழையைப் பற்றி அப்பா எழுதிய அந்த இரண்டு வரியை அடித்துவிடலாம் என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. ஆனால் அடுத்தவர் தாளில் கை வைத்த ஒருவரைக்கூட அவள் இதுவரை விட்டதில்லை.

"அப்பா எழுதினதை யாரும் தொட வேண்டாம்" என்றாள். "கீழே இடம் இருக்கு. உங்களுக்கு எது நிஜமோ அதை நீங்க எழுதி, கையெழுத்துப் போடுங்கோ மாமா."

மாமா என்று வந்துவிட்டதை அவள் பிறகுதான் கவனித்தாள். அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவின் மேஜையிலிருந்து பேனாவை எடுத்துவந்து, மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து அவர் வெகுநேரம் எழுதினார். எழுதியது நான்கு வரிதான். முழுப் பெயரையும் போட்டு, அடியில் தேதி போட்டார். பிறகு பேனாவை மூட மறந்து அப்படியே வைத்திருந்தார்.

ரஞ்சனா போனை எடுத்து நோட்டுக்கு நேராகப் பிடித்தாள். மின்விசிறிக் காற்றில் பக்கத்தின் ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது. சலாவுதீன் இரண்டு விரலை அதன் மேல் ஊன்றினார். நகக்கண்களில் கழுவினாலும் போகாத கறுப்புச் சாயம். படத்தில் கடிதம் முழுதும் விழுந்தது. கீழ் மூலையில், இரண்டு கையெழுத்துக்கும் பக்கத்தில் அந்த விரல்களும் விழுந்தன.

"கைய எடுத்துரட்டுமாம்மா? இன்னொண்ணு எடுக்கியா?"

"இருக்கட்டும்" என்றாள் அவள். பிறகு கூட்டல் குறிக்கு வட்டம் போட்டிருந்த பக்கத்தைத் திருப்பி, அவர் விரலை ஊன்றுவதற்காகக் காத்திருந்தாள்.